இரண்டு விரல் வெளியே

கண்ணாடி ஏற்றிய வண்டியை ஓட்டுவதும், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்குவதும் ஒன்றுதான் என்பாள் வண்டிக்காரி. பள்ளத்தைப் பார்த்த பிறகு பிரேக்கை மிதிக்கிற ஆள் இல்லை அவள். முன்னால் போகிற சைக்கிள்காரனின் முதுகு குலுங்குவதைப் பார்த்தே அங்கே பள்ளம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். கடைத்தெருவில் அவளைவிட வேகமாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவளைப் போல நிறுத்துகிறவர்கள் யாரும் இல்லை.

அவள் கணவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டித் தருவதுதான் தொழில். அவர் வெட்டுவார், அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அதற்கென்று ஒரு சின்ன லாரி இருந்தது. அதன் பின்னால் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாக மரச்சட்டம் அடித்து, கம்பளித் துணி சுற்றியிருந்தார்கள். கண்ணாடியை அதில் சாய்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். பெரிய கண்ணாடியாக இருந்தால் கண்ணாடிக்காரரும் பின்னால் ஏறிக்கொண்டு, ஒரு கையால் அதைத் தாங்கியபடியே நின்று வருவார்.

"அதான் கயிறு கட்டியிருக்கே, நீங்க எதுக்குங்க வெயில்ல நிக்கிறீங்க?" என்று அவள் கேட்பாள்.

"கண்ணாடி நடுங்குனா கயித்துக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்" என்பார்.

கடையின் முன்பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது அவருடைய அக்கா, அதாவது வண்டிக்காரியின் நாத்தனார். வருகிறவர்களிடம் பேசுவது, போனை எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கடையில் பாதி அவளுடையது. பேச்சில் முழுவதும் அவளுடையது. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மனதில் பட்டதை வாய்க்கு அனுப்புமுன் ஒரு நிமிடம் உட்காரவைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், வண்டியின் முன்சக்கரம் ஒன்று பாதாளச் சாக்கடை மூடியில் மோதி ரிம் நெளிந்துபோனது. கண்ணாடிக்காரர் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்துக்குப் போய், முன்பக்கத்துக்கு இரண்டு ரிம்மாகவே பார்த்து வாங்கிவந்தார். யாரையும் தொடவிடாமல் தாமே மாட்டினார். நட்டுக்கு நட்டு, துளைக்குத் துளை அப்படியே உட்கார்ந்தது. சக்கரம் இரண்டும் மட்கார்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அதுவும் பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

"எப்படி? இப்பத்தான் வண்டி நெஞ்சை நிமித்தி நிக்குது" என்று கேட்டுவிட்டு, பொண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

"நீங்க வாங்குனா சும்மாவா?" என்று அவளும் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வண்டி பழையபடி இல்லை. சின்னக் கல்லில் ஏறினாலும் ஸ்டேரிங் கையை உதறியது. கதவு வரைக்கும் சேறு அடித்தது. முன்பக்கம் எங்கேயோ ஓர் ஊமைச் சத்தம், யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி, வேகம் கூடினால் கூடியது. ஒரு நாள் அலமாரிக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. இன்னொரு நாள் ஜன்னல் கண்ணாடியில் மூலை போனது. வண்டிக்காரிக்கு வண்டி மேல் சந்தேகம் வரவே இல்லை. அளவு விஷயத்தில் கணவர் சட்டாம்பிள்ளை. அவர் டேப் வைத்துப் பார்த்து மாட்டிய சக்கரத்தில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சந்தேகம் தன் கைமேல்தான் வந்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கையில் பிடி போய்விட்டதோ என்று அடுப்படியில் பாட்டில் மூடிகளைத் திருகித் திருகிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்தப் பள்ளிக்கூடத் திருப்பம். குழாய் பதிக்கத் தோண்டி மூடியிருந்ததால் ரோட்டின் வலதுபக்கம் முழுக்க ஈர மண். இடதுபக்கம் காய்ந்த தார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். மிதித்த அந்தக் கணமே ஸ்டேரிங் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடதுபக்கம் சுற்றியது. வண்டி சாக்கடை ஓரத்தில் ஒரு சக்கரத்தை ஏற்றி நின்றது. பின்னால் கயிறு அறுகிற சத்தமும், அதற்குப் பின்னால் கண்ணாடிச் சத்தமும் கேட்டன.

சரிந்த கண்ணாடியை, பின்னால் நின்று வந்த கண்ணாடிக்காரர் வெறுங்கையால் பிடித்திருந்தார். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், அக்கா கேட்பதற்கு முன்னாலேயே அவர் முந்திக்கொண்டார்.

"என் தப்புக்கா. கயித்த லூசா கட்டிட்டேன்."

கயிற்றை இழுத்துப் பார்த்து முடிச்சைச் சரிபார்த்தவள் வண்டிக்காரிதான். அது லூசாக இல்லை என்று அவளுக்குத் தெரியும். பழியை அவர் தம் தலையில் போட்டுக்கொண்டது அவளுக்குத் தாங்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள்.

நாத்தனார் ஏமாறுகிறவளா? "டேய் தம்பி, யாருக்குக் காது குத்துற? கயிறு போன மாசமும் லூசா, அதுக்கு முந்துன மாசமும் லூசா?" என்றவள், வண்டிக்காரியின் பக்கம் திரும்பினாள். "உன்னக் குறை சொல்லலம்மா. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனா இன்னைக்குக் கை, நாளைக்குக் கழுத்துன்னா என் தம்பிக்கு நான் எங்க போவேன்? நூலகத்துக்குப் போகவேண்டிய கண்ணாடி வேற கிடக்கு. ரெண்டு ஆள் உயரம், ஒரே பலகை. அது உடைஞ்சா மறுபடி வர்றதுக்கு எத்தன நாளாகும்னு உனக்கே தெரியும். ஒரு டிரைவரப் பேசிட்டேன். நாளைக்கு மத்தியானம் வரான். அதுலேர்ந்து அவனே ஓட்டட்டும்."

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டிக்காரி சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

"நீங்க சொல்றதுதான் அண்ணி சரி. எனக்கே என் கைமேல நம்பிக்கை இல்ல."

அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பின்கட்டில் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் வந்தது. வண்டி போனது பெரிதில்லை. இருபது வருஷமாக அந்தக் கைகளைத்தான் அவள் தன்னில் நல்லதென்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை, வருகிற டிரைவருக்கு வசதியாக வண்டியை முற்றத்திலிருந்து வெளியே எடுத்து நிறுத்தச் சொன்னாள் நாத்தனார். முற்றத்தில் கண்ணாடியின் ஓரம் தேய்க்கிற மெஷின் இருந்தது. கண்ணாடி மாவும் தண்ணீரும் கலந்த வெள்ளைச் சாந்து அதிலிருந்து வழிந்து, வாசல்வரை மெழுகிவிட்ட மாதிரி பரவிக் கிடந்தது. வண்டிக்காரி அதன் மேலேயே வண்டியை நேராக ஓட்டி வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்த வந்தாள்.

வந்தவள் கதவில் கைவைத்தபடி நின்றுவிட்டாள்.

சாந்தில் நான்கு தடங்கள் இருந்தன. இத்தனை வருஷமும் இந்த முற்றத்தில் அவள் பார்த்தது இரண்டு தடங்களைத்தான். முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் ஏறிப் போகும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இப்போது பின்சக்கரத் தடங்கள் உள்ளே இருந்தன. முன்சக்கரத் தடங்களின் ஓரம் இரண்டு பக்கமும் அவற்றுக்கு வெளியே தனிப் பட்டையாக ஓடியிருந்தது. குந்தி உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் இரண்டு விரல். அந்தப் பக்கமும் இரண்டு விரல். அச்சடித்த மாதிரி சமமாக இருந்தது. தினமும் சோறு போடுகிற பாத்திரத்தின் அடியில் யாரோ எழுதி வைத்திருந்ததை இன்றைக்குத்தான் படித்த மாதிரி இருந்தது.

சாவி இன்னும் வண்டியிலேயே இருந்தது. ஏறி, நேராகத் தெருமுனை டயர் கடைக்கு விட்டாள்.

டயர் கடைக்காரரைத் தெருவே காத்துக்காரர் என்றுதான் கூப்பிடும். காற்றடிப்பதைவிட அதிகம் அவர் ஊர்க்கதையைத்தான் அடிப்பார் என்பது வேறு விஷயம். ஒரு ரிம்மைக் கவிழ்த்து, மேலே சாக்கு போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க பழைய ரிம்மு ரெண்டையும் உங்ககிட்டதானே போட்டோம்? நெளியாத ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

"எதுக்கும்மா?"

"எங்கண்ணே?"

"இங்கதான் இருக்கு" என்று தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டிக் காட்டினார்.

"எந்திரிங்க."

"டீய முடிச்சுக்கிறேனே."

"எந்திரிங்கண்ணே!"

அவர் எழுந்தார். வண்டியின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பழைய ரிம்முக்குப் பக்கத்தில் போட்டார்கள். குறுக்களவு ஒன்று. அகலம் ஒன்று. துளைகள் ஒன்று. நடுவட்டமும் ஒன்றுதான்.

"அச்சு அசலா ஒண்ணுதாம்மா. இதுல என்னத்தத் தேடுற?"

"ரெண்டையும் முகம் தரையில படுற மாதிரி கவுத்துப் போடுங்க."

வண்டியில் எப்போதும் கிடக்கிற, கண்ணாடி வெட்டும்போது வைக்கிற நீள அளவுக்கட்டையை எடுத்துவந்தாள். பழைய சக்கரத்தின் விளிம்புமேல் அதைக் குறுக்காக வைத்தாள். அதிலிருந்து கீழே, அச்சு முனையிலுள்ள ஹப்பில் போய் ஒட்டுகிற தட்டு வரைக்கும் டேப்பை இறக்கினாள். நகத்தால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படியே எடுத்துப் புதுச் சக்கரத்தில் இறக்கினாள். நகம் இருக்கிற இடம் வருவதற்கு முன்னாலேயே டேப் தட்டில் முட்டியது. மிச்சம் நின்றது இரண்டு விரல்.

"அட" என்றார் காத்துக்காரர்.

அப்புறம் அவரே கம்பித் தூரிகையை எடுத்து இரண்டு ரிம்மின் உள்பக்கமும் தேய்த்தார். துரு உதிர்ந்ததும் இரும்பில் பொறித்த எண்கள் தெரிந்தன. பழையதில் பெரிய எண், புதியதில் சின்ன எண்.

"ஆஃப்செட்டுன்னு சொல்வாங்கம்மா. சக்கரத்தோட அகலத்துக்கு நட்ட நடுவுல ஒரு கோடு போட்டேன்னு வையி. ஹப்புல ஒட்டுற தட்டு அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதுதான் இந்தக் கணக்கு. தட்டு வெளிப்பக்கமாத் தள்ளி இருந்தா சக்கரம் வண்டிக்குள்ள அடங்கி நிக்கும். தட்டு உள்ள வந்துச்சுன்னா சக்கரம் வெளிய வந்துரும்."

"தெரிஞ்சிருந்தும் சொல்லலியா?"

"வெளிய நிக்குதேன்னு பாத்தேன். ஆனா இந்தக் காலத்துல பசங்க வேணும்னே அப்படித்தான் போடுறானுங்க. ஸ்டைலுங்கிறானுங்க. நான் எதுக்கு வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கணும்னு விட்டுட்டேன். இது இவ்வளவு வேலை பாக்கும்னு எனக்கும் தெரியாதும்மா." டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார். "பேரிங் சத்தம் போடுதா?"

"வாய மூடிட்டுப் பாடுற மாதிரி."

"பின்ன பாடாதா? வாளிய உடம்போட ஒட்டித் தூக்குறதும் கைய நீட்டித் தூக்குறதும் ஒண்ணா?"

வண்டிக்காரி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். நல்ல கைகள். பழுதில்லாத கைகள். சந்தோஷத்தில் அந்த டயர் கடை நடுவிலேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. அடுத்த நிமிடம் கணவர் முகம் நினைவுக்கு வந்தது. தப்பு அவள் கையில் இல்லையென்றால், அது அவர் டேப்பில். ஊரில் யார் அளவெடுத்தாலும் அவரிடம் வந்து சரிபார்க்கிற மனிதர். தைத்த கையோடு உட்கார்ந்திருக்கிறவரிடம், உங்கள் கையை வெட்டியது நீங்கள் வாங்கிய சக்கரம்தான் என்று எப்படிச் சொல்வது? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற வேலை. சொல்லாமல் மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இருபது வருஷத்தில் அவரிடம் மறைத்துப் பழக்கமில்லை, இனிமேல் பழகவும் முடியாது என்று தோன்றியது.

கடைக்குப் போய் நின்றாள். நாத்தனாரும் இருந்தாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் டயர் கடை வரைக்கும் வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க."

வழியிலேயே சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரர் நடையை எட்டிப் போட்டார். டயர் கடையில் குனிந்து, இடது கையால் அவரே அளந்தார். மறுபடியும் அளந்தார். முகம் சுண்டிப்போனது.

"நான் எல்லாத்தையும் அளந்தேனே..."

"அளந்தீங்க. யாரு இல்லன்னா?"

"நீளம் அளந்தேன். அகலம் அளந்தேன். துளை அளந்தேன். ஆழம் அளக்கணும்னு என் புத்திக்கே வரல." அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். "காலம்பூரா கண்ணாடியையே அளந்தவன். கண்ணாடிக்கு ஏது ஆழம்?"

நாத்தனார் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள் என்பதை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும்.

அவரைத் தேற்ற வண்டிக்காரி வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவர் தேறுகிற வழியை அவரே கண்டுபிடித்துவிட்டார். சக்கரம் கழற்றிய இடத்தில் போய் உட்கார்ந்து, உள்ளே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஸ்டேரிங்கத் திருப்பு" என்றார். அவள் ஏறித் திருப்பினாள். "இந்தப் பக்கம். இப்ப அந்தப் பக்கம். நிறுத்து. இங்க வா. இது எதுல திரும்புதுன்னு பாரு. மேல ஒரு முட்டி. கீழ ஒரு முட்டி. அவ்வளவுதான். கதவுக்குக் கீல் மாதிரி."

அளவுக்கட்டையை மேல்முட்டிக்கும் கீழ்முட்டிக்கும் நேராகப் பிடிக்கச் சொன்னார். அது செங்குத்தாக இல்லை. அதன் கீழ்முனை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்விலேயே ஒரு நூலைத் தரைவரைக்கும் இழுத்து, அது தொட்ட இடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைத்தார்.

"பழைய ரிம்ம மாட்டுங்க."

அதில் டயரை ஏற்றி மாட்டினார் காத்துக்காரர். ஜாக்கியை இறக்கியதும் டயர் புள்ளியின் மேல் உட்கார்ந்தது. ஏறக்குறைய நட்ட நடுவில் உட்கார்ந்தது. அதே மாதிரி இன்னொரு புள்ளியை மறுபக்கம் வைத்தார்கள். புதுச் சக்கரம் நின்றிருந்த அந்தப் பக்கத்தில், புள்ளி டயரின் உள் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. டயர் தன் புள்ளியை விட்டு வெளியே நடந்துபோயிருந்தது.

நான்கு பேரும் அந்தச் சாக்கட்டிப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இரும்புக்குள்ளேயிருந்து சாய்ந்து இறங்கி ரோட்டைத் தொடுகிறது. அத்தனை பாரமும் அந்த ஒரு பொட்டில்தான் திரும்புகிறது. எங்கேயோ ஒரு பட்டறையில், முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து, அந்தக் கோடு டயரின் நடுவில் வந்து விழவேண்டும் என்று கணக்குப் போட்டு, அதை ஓர் எண்ணாக இரும்பில் பொறித்து அனுப்பியிருக்கிறான். இருபது வருஷமாக அந்தக் கணக்கின் மேல் உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறோம் என்று வண்டிக்காரி நினைத்தாள். கைகூப்பவேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்றுதான் தெரியவில்லை.

"கண்ணாடிக் கதவு மாட்டுறோம்ல" என்று மெதுவாகச் சொன்னார் கண்ணாடிக்காரர். "கீல் ஓரத்துல கைய வச்சுத் தள்ளிப்பாரு, பயில்வான் வந்தாலும் அசையாது. இந்த ஓரத்துல சும்மா காத்தடிச்சாப் போதும், படார்னு போயிரும். டயரு கோட்டுமேல இருந்தவரைக்கும் ரோடு எவ்வளவு இழுத்தாலும் ஸ்டேரிங்குக்குத் தெரியல. நான் கொண்டுபோய்க் கதவோட அந்த ஓரத்துல வச்சிட்டேன். ஒரு பக்கம் தாரு, ஒரு பக்கம் ஈரம். தாரு பக்கம் பிரேக் நல்லாப் பிடிக்கும்ல? பிடிச்சு, கதவ இழுத்துருச்சு." அவளை நிமிர்ந்து பார்த்தார். "அத்தன இழுப்புக்கும் நீ சாக்கடையில விழாம நிறுத்தியிருக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நெளிந்ததற்குப் பதிலாக அதே எண் போட்ட ரிம் ஒன்றைக் காத்துக்காரர் தன் குவியலிலிருந்து தேடி எடுத்தார். பேரிங்கையும் மாற்றினார்கள். எல்லாம் முடிந்து கடைக்குத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது, டிரைவரும் வந்துவிட்டான். நாத்தனார் அவனுக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்து உட்காரவைத்தாள்.

"வாயால சக்கரம் சுத்தாதும்மா" என்றாள் வண்டிக்காரியிடம். "புள்ளி வச்சீங்க, கோடு போட்டீங்க, பாத்தேன். ஓடட்டும், அப்புறம் பேசுவோம். நூலகக் கண்ணாடிய நீயே எடு. நானும் கூட வரேன். சரியில்லன்னு பட்டுச்சுன்னா பாதி வழியில நிறுத்திடுவேன்."

கண்ணாடியைச் சட்டத்தில் ஏற்ற ஆறு கைகள் தேவைப்பட்டன. டிரைவரும் வந்து பிடித்தான். கம்பளித் துணிமேல் அது உட்கார்ந்தபோது மேகம் முழுவதும் அதில் தெரிந்தது. கண்ணாடிக்காரர் பின்னால் ஏறப் போனார்.

"இன்னைக்கு நீங்க ஏற வேணாங்க. கை இன்னும் ஆறல."

"பேசாம வண்டிய எடு."

நாத்தனார் முன்னால் ஏறி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டிக்காரி மெதுவாக எடுத்தாள். முன்பக்கத்துப் பாட்டு நின்றிருந்தது. கல்லில் ஏறி இறங்கியபோது ஸ்டேரிங் கையில் பூனை மாதிரி கிடந்தது. அவள் அப்போதும் நம்பவில்லை. பள்ளிக்கூடத் திருப்பம் வந்தது. வலதுபக்கம் அதே ஈர மண், இடதுபக்கம் அதே தார்.

திருப்பத்தில் தள்ளுவண்டி ஒன்று, தள்ளுகிறவர் பார்க்காமலே, சந்திலிருந்து ரோட்டுக்கு வந்துவிட்டது.

"ஏய்!" என்று கத்தினாள் நாத்தனார்.

வண்டிக்காரி மிதித்தாள். கைகள் தாமாகவே இறுகி, அந்தப் பிடுங்கலுக்குக் காத்திருந்தன. அது வரவில்லை. வண்டி மூக்கைத் தரையில் சாய்த்து, போன கோட்டிலேயே போய், தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால் கயிறு ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. கண்ணாடிச் சத்தம் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எதுவும் இல்லை. தள்ளுவண்டிக்காரர் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

கதவைத் திறந்து குதித்துப் பின்னால் ஓடினாள். அந்தக் கை மறுபடி கிழிந்திருக்கும், தையல் பிரிந்திருக்கும் என்று என்னென்னவோ மனதில் ஓடியது.

கண்ணாடி நின்ற இடத்தில் நின்றது. கண்ணாடிக்காரரும் நின்றார். கண்ணாடிக்கு ஒரு கஜம் தள்ளி, வண்டியின் கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க இது? பிடிக்கலியா நீங்க?"

"இல்ல."

"எப்பருந்து?"

"கடையிலேர்ந்தே பிடிக்கல" என்றார். "நீதானே ஓட்டுற."

அவள் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள். முன்னாலிருந்து நாத்தனார் தலையை நீட்டினாள்.

"கொஞ்சுறத வீட்டுல போயி வச்சுக்கோங்க. நூலகத்துல ஆளுங்க காத்துட்டு இருப்பாங்க." போனை எடுத்து, கடையில் மெஷின் ஓட்டுகிற பையனிடம் பேசினாள். "அந்த டிரைவர் தம்பி சாப்பிட்டுட்டானா? சரி, சாப்பிட்டதும் கிளம்பச் சொல்லு. இங்க ஓட்ட ஆள் இருக்கு."